சைக்கிள் பட்டறையை இடிக்காதீர்கள்: எங்கள் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் பட்டறையைக் காலி செய்யச் சொல்லி ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். பதினைந்து நாள் கெடு. இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள்: நகராட்சிக்கு வருவாய் இல்லாத இடம், பழைய இரும்புச் சாமான்கள் குவிந்து கிடப்பதால் சுகாதாரக் கேடு. ஷெட்டை இடித்துவிட்டு, கட்டண வாகன நிறுத்தத்துக்கு டெண்டர் விடுவதாகத் தீர்மானம் சொல்கிறது. அதே கூட்டத்தில் இன்னொன்றும் நிறைவேறியிருக்கிறது. நகராட்சி ஸ்டாண்டில் உரியவர் வந்து எடுக்காமல் கிடக்கும் சைக்கிள்களை மொத்தமாக எடைக்கு ஏலம் விடப்போகிறீர்கள். இதுவரை அந்தச் சைக்கிள்கள், அறிவிப்பு ஒட்டிக் கெடு முடிந்த பிறகு, எங்கள் பட்டறைக்குத்தான் வந்துகொண்டிருந்தன.

இரண்டு தீர்மானங்களையும் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். பட்டறையைத் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. மனுவாக ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தபால் பிரிவில் ரசீது போட்டுக் கொடுத்ததோடு சரி, அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. அதனால்தான் ஊருக்கே தெரியட்டும் என்று வெளிப்படையாக எழுதுகிறேன்.

அந்த ஷெட் எப்படிக் கிடந்தது என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் அதுதான் நகராட்சி சைக்கிள் ஸ்டாண்டு. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். புதிய பேருந்து நிலையம் வந்ததும் ஸ்டாண்டும் அங்கே போய்விட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து, உள்ளே குப்பையும் பாட்டிலும் சேர்ந்து, பொழுது சாய்ந்தால் பெண்கள் அந்தப் பக்கம் நடக்கவே யோசிக்கிற இடமாகிவிட்டது. 2020 ஊரடங்கில் பஸ் நின்றபோது, மாடிப்படிக்கு அடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் தெருவுக்கு வந்தன. ஓட்ட ஆள் இருந்தது, பழுது பார்க்க ஆள் இல்லை. கடைத்தெருவில் வரிசையாக இருந்த சைக்கிள் கடைகள் எப்போதோ செல்போன் கடைகளாகவும் பைக் பஞ்சர் கடைகளாகவும் மாறிவிட்டன. மிஞ்சியிருந்தவர், ஊரே பாய் என்று கூப்பிடும் ஒரு பழைய மெக்கானிக் மட்டும்தான். அவரும் முழங்கால் வலியில் கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்தார்.

அவரைச் சுற்றித்தான் நாங்கள் சில பேர் சேர்ந்தோம். அப்போது நகர்மன்றம் கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம். எழுதிக் கேட்டோம். ஷெட்டைச் சுத்தம் செய்து பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார்கள். கூரை மாற்றியது, தரை பூசியது, மின் இணைப்பு வாங்கியது எல்லாம் ஊரார் கொடுத்த பணம். 2022இல் உங்கள் மன்றம் பொறுப்பேற்ற பிறகும் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. பொங்கல் விளையாட்டு விழாவுக்கு எங்கள் சைக்கிள்களைத்தான் நகராட்சி இரவல் வாங்கியது.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். தீர்மானத்துக்குக் கை தூக்கிய உறுப்பினர்களில் பலர் பட்டறைக்குள் வந்து பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரில் யாருக்கும் வேண்டாத சைக்கிள் எங்களிடம் வரும். வீடு மாறுகிறவர்கள் விட்டுப் போனது, பிள்ளை வளர்ந்ததால் குட்டையாகிப் போனது, ஸ்டாண்டில் வருடக்கணக்கில் நின்றது. ஒன்று ஓடும் நிலைக்கு வந்துவிடும். இன்னொன்றில் ஃப்ரேம் ஒடிந்திருக்கும், ஆனால் ரிம்மும் ஹேண்டில்பாரும் நன்றாக இருக்கும். அப்படி மூன்றைப் பிரித்து இரண்டாக்குவோம். சனி, ஞாயிறுகளில் யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளலாம். காசு கிடையாது. டியூப், டயர், பிரேக் கட்டை மாதிரி புதிதாகப் போட வேண்டியதற்கு மட்டும் அடக்க விலை. சைக்கிள் வேண்டும் என்று வருகிற பிள்ளை முதலில் வேறொருவருக்கு ஒரு சைக்கிளைத் தயார் செய்து கொடுக்க வேண்டும். அதன் பிறகு தனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தானே பூட்டி, ஓட்டிப்போகலாம். இந்த முறை நாங்களாகக் கண்டுபிடித்ததல்ல. 1984இல் தொடங்கி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து இயங்கும் ‘பைக்ஸ் நாட் பாம்ஸ்’ என்ற அமைப்பு, பழைய சைக்கிள்களை நிகரகுவாவுக்கு அனுப்புவதில் ஆரம்பித்து, பிறகு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இப்படியே உழைத்துச் சைக்கிள் பெறும் வழியைக் காட்டியது. உலகத்தில் பல ஊர்களில் இப்படிப் பட்டறைகள் இருக்கின்றன. சில ஊர்களில் நகராட்சியே இடம் கொடுத்து ஆதரிக்கிறது.

சுகாதாரக் கேடு என்று எழுதியிருப்பதற்கு வருகிறேன். பழைய டயரில் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு வரும் என்பது எங்களுக்கும் தெரியும். நானே பள்ளியில் அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவள். அதனால்தான் ஒரு டயரைக்கூட வெளியே போடுவதில்லை. எல்லாம் கூரைக்குக் கீழே கம்பியில் மாட்டி இருக்கும். உபயோகப்படாத டயரை வாரத்துக்கு ஒருமுறை துண்டு போட்டு உங்கள் குப்பை வண்டியிலேயே கொடுத்துவிடுகிறோம். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து எங்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆட்சேபம் எதுவும் எழுதவில்லை. அந்தப் பதிவேட்டைக் கேட்டிருந்தால் காட்டியிருப்போம். குவியல் என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு உதிரிபாகக் கடை. 28 இஞ்சு ரிம் ஒரு பக்கம், 26 இஞ்சு ஒரு பக்கம். முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 என்று எண்ணிக் கட்டி வைத்த ஸ்போக் கம்பிகள். டீசலில் ஊறுகிற ஃப்ரீவீல்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிற அதே சாமான்தான், இங்கே வந்தால் ஒரு பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறது.

அரசே இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறதே, பழைய சைக்கிள் யாருக்கு வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கூட்டத்தில் கேட்டாராம். நியாயமான கேள்வி. நான் பணியில் இருந்த காலம் முழுக்க அந்தத் திட்டத்தைக் கண்ணால் பார்த்தவள் என்பதால் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் எல்லாருக்கும் விரிந்த திட்டம் அது. ஆட்சிகள் மாறியும் நிற்கவில்லை. 2022இல் மட்டும் 6.35 லட்சம் மாணவர்களுக்கு 323 கோடி ரூபாய் செலவில் கொடுத்தார்கள். ஒரு சைக்கிளுக்கு ஐந்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் பெண் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியை விடாமல் முடித்ததில் இந்தச் சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த ஐந்தாயிரத்துக்குப் பிறகு ஒரு ரூபாய்கூட அந்தச் சைக்கிளுக்கு இல்லை. உதிரியாக லாரியில் வந்து இறங்கும். பள்ளி மைதானத்தில் ஆட்கள் உட்கார்ந்து அவசர அவசரமாகப் பூட்டுவார்கள். விழா முடிந்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே நட்டு கழன்று விழுந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கிடைத்த அன்றே கடைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் இறுக்கி, ஹேண்டில் நேராக்கி, பிரேக் சரி பண்ணினால்தான் ஓட்டலாம். அதற்குக் கடை வேண்டுமே? கிராமத்துப் பிள்ளைகளுக்கு அருகில் கடையும் இல்லை, கொடுக்கக் கையில் காசும் இல்லை. பெடல் தண்டை அச்சோடு பிடித்து வைக்கும் காட்டர் பின் தேய்ந்து பெடல் தட்டத் தொடங்கும். அதோடு ஓட்டினால் கிராங்க் என்கிற அந்தத் தண்டே கெடும். ஆறு மாதத்தில் ஓரம் கட்டிவிடுவார்கள். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் சைக்கிள் காயலான் கடைக்குப் போய்விடும்.

அப்புறம், அந்தத் திட்டம் பதினொன்றாம் வகுப்புக்கு மட்டும்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நாலு கிலோமீட்டர் நடக்கிற பிள்ளைக்கு அதில் சைக்கிள் கிடையாது. மூட்டை தூக்கப் போகிற அப்பாவுக்குக் கிடையாது. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்குக் கிடையாது. அக்கா படித்து முடித்த பிறகு தங்கை ஓட்டுகிற மாதிரி அந்தச் சைக்கிளைக் காப்பாற்றித் தருவதுதான் எங்கள் பட்டறையில் அதிகமாக நடக்கிற வேலை.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, முன்னால் கூடை வைத்த அக்காவின் பள்ளிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடியது. வெளியே கேட்ட இடத்தில் சக்கரத்தையே மாற்றணும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பாய் நாற்காலியை விட்டு எழவில்லை. “நீயே கழட்டும்மா, நான் சொல்றேன்” என்றார். அவள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, செயினை விடுவித்து, சக்கரத்தை வெளியே எடுத்தாள். லாக் நட்டைக் கழற்றி, உள்ளே குண்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் கோனைக் கழற்றியதும் கறுப்புச் சேறாக கிரீஸ் வழிந்தது. அதற்குள் கால் இஞ்சு பால்ரஸ் குண்டுகள். பக்கத்துக்கு ஒன்பது இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒன்பதும் இருந்தன, இன்னொரு பக்கம் இரண்டு பொடிந்து போயிருந்தன. எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துணியில் துடைத்து, கோனின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார் பாய். குழி தட்டுகிறதா என்று. தட்டவில்லை. கோன் தப்பித்துவிட்டது.

புது கிரீஸ் வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதித்து, கோனைத் திருப்பினாள். முதலில் ஒரேயடியாக இறுக்கிவிட்டாள், சக்கரம் சிக்கியது. தளர்த்தினாள், மறுபடி ஆடியது. “ஆட்டம் நிக்கிற இடத்துல நிறுத்து, அதுக்கு அப்புறம் துளி பின்னால வா” என்றார் பாய். அச்சை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பார்த்து, மறுபடி திருப்பி, மறுபடி சுற்றி, கடைசியில் அந்த இடம் அவள் விரலுக்குப் பிடிபட்டது. லாக் நட்டைப் போட்டுச் சக்கரத்தைத் தட்டிவிட்டாள். சத்தமே இல்லாமல் சுற்றியது. செலவு, சில குண்டுகளும் ஒரு விரல் கிரீஸும்.

பள்ளியில் நான் ஒரு வருடம் மூச்சு முட்டச் சொல்லியும் உராய்வு என்ற பாடம் சில பிள்ளைகளுக்குப் புரிந்ததில்லை. இந்தப் பெண்ணுக்கு அது கையிலேயே புரிந்துவிட்டது. இப்போது அவள் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறாள். பாயின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட பையன்களில் ஒருவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான், இன்னொருவன் தன் ஊரிலேயே மரத்தடியில் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான். பாயின் கையில் இருக்கிற தொழில் அவரோடு போய்விடக் கூடாது. ஒவ்வொரு வாரமும் எனக்கு இந்தக் கவலைதான். அதை வாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நிற்க இடம்தான் வேண்டும்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே வந்தபோது தொண்டராக இருந்தேன். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்கு அறிவொளி சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த ஒன்றிரண்டு வருடத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றார்கள். முன் பாரில் குழந்தை, பின் கேரியரில் தண்ணீர்க் குடம் என்று போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

ஆனால் அன்றைக்கு ஒரு வேலை பாதியில் நின்றுவிட்டது. ஓட்டக் கற்றுக்கொண்டோம், பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. செயின் கழன்றால் வழியில் போகிற ஆணைக் கூப்பிட வேண்டும். பஞ்சர் ஆனால் புருஷன் கடைக்குக் கொண்டுபோகும் வரை காத்திருக்க வேண்டும். கொண்டுபோக அவருக்கு மனமில்லை என்றால் சைக்கிள் அப்படியே நிற்கும். எத்தனை பெண்களின் சைக்கிள் அப்படிச் சுவரில் சாய்ந்தே நின்றுபோனது என்று எனக்குத் தெரியும். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்வதற்குக் காத்திருந்து ஒட்டுவதற்கு அரை மணி நேரப் பயிற்சி போதும். அந்த அரை மணி நேரத்தை யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை. முப்பது வருடம் கழித்து இந்த ஷெட்டில்தான் அதைக் கொடுக்கத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

அவர்களில் உங்கள் ஊழியர்களும் உண்டு. நகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் விடிவதற்கு முன்னால் வருகைப் பதிவுக்கு நிற்க வேண்டும். ஊருக்கு வெளியே காலனியில் இருந்து வருகிற பெண்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல திட்டம்தான். ஆனால் முதல் பஸ் வருவதற்குள் இவர்கள் பதிவு நேரம் முடிந்துவிடும். தாமதம் என்றால் அன்றைய சம்பளம் போச்சு. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால் கூலியில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும். “டீச்சர், ஓட்டத் தெரியும், சைக்கிள்தான் இல்ல” என்று ஒரு பெண் கேட்டு வந்ததில் இருந்து, அந்தக் காலனிக்கு வரிசையாகச் சைக்கிள்கள் போயிருக்கின்றன. எல்லாம் நீங்கள் எடைக்கு ஏலம் விட நினைக்கிற அதே ஸ்டாண்டு சைக்கிள்கள். உங்கள் ஊழியர்கள் நேரத்துக்கு வேலைக்கு வருவதில் இந்தப் பட்டறைக்குப் பங்கு இருக்கிறது. அதை நகராட்சிக்கு வருவாய் இல்லாத இடம் என்று எழுதினால் எப்படி?

வருவாய்க் கணக்கையும் பேசுவோம். நகராட்சிக்குப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. சாக்கடை தூர்வாரவும் விளக்கு எரியவும் பணம் வேண்டும். ஆனால் அந்த ஷெட் இருக்கும் இடத்துக்குப் போகிற சந்தில் ஒரு கார் நுழைந்தால் இன்னொரு கார் திரும்ப முடியாது. அங்கே எத்தனை கார் நிறுத்த முடியும் என்று பொறியாளரை விட்டு அளந்தீர்களா? தீர்மானத்தில் அப்படி ஒரு மதிப்பீடும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் வீடுகளில் சுமார் 45 சதவீதத்தில் சைக்கிள் இருந்தது, கார் வைத்திருந்த வீடுகள் 5 சதவீதம்கூட இல்லை. அதற்குப் பிறகு காரும் பைக்கும் பெருகியிருக்கின்றன, உண்மைதான். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் மறைந்துவிடவில்லை. காலையில் மார்க்கெட் வாசலில் நின்று பார்த்தாலே போதும். ஒரு காலத்தில் சைக்கிளுக்கே உள்ளாட்சிகள் வருடா வருடம் வரி வாங்கி வில்லை கொடுத்தன. எங்கள் அப்பா தன் சைக்கிளில் அந்த வில்லையைக் கட்டியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். சைக்கிள்காரர்கள் நகராட்சிக்குக் கொடுத்தவர்கள்தான். அவர்களுக்கு என்று இன்றைக்கு ஊரில் மிச்சம் இருப்பது அந்த ஒரு ஷெட்.

ஏலத்தில் என்ன கிடைக்கும்? ஒரு பழைய சைக்கிள் இருபது கிலோவுக்குப் பக்கம் இருக்கும். துருவும் ரப்பரும் கழித்து எடை போடுவார்கள். ஒரு லோடு ஏற்றினாலும் நகராட்சிக் கணக்கில் அது ஒரு வரிக்கு மேல் வராது. அதே லோடில் ஓடும் நிலைக்குக் கொண்டுவரக் கூடியவை எத்தனை என்பதை எடைத்தராசு பார்க்காது. 2023 மே மாதம் தூய்மை இந்தியா இயக்கத்தில் நாடு முழுக்க நகரங்களில் ஆர்.ஆர்.ஆர். (குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி) மையங்கள் திறந்தார்கள். வேண்டாத பொருளைக் கொண்டுவந்து கொடுங்கள், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும், குப்பையைக் குறைப்போம் என்று நீங்களும் பேனர் கட்டினீர்கள். அந்த மையத்துக்கு வந்த சைக்கிள்களை உங்கள் ஊழியர்கள் எங்கே கொண்டுவந்து இறக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஷெட்டில்தான். ஒரு கையால் பேனர் கட்டிவிட்டு மறு கையால் ஷெட்டை இடிப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இப்போது எங்கள் கோரிக்கைகள்.

நோட்டீஸ் கெடு முடிவதற்குள் ஷெட்டை இடிக்கும் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் இதை மறுபடி பொருளாக வைத்து, எங்கள் தரப்பைச் சொல்ல நேரம் கொடுங்கள். நான் வருகிறேன், பாயை நாற்காலியில் வைத்தாவது கூட்டிவருகிறோம், பட்டறையில் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் வருவார்கள். அதற்கு முன்னால் தலைவரும் ஆணையரும் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கு ஷட்டர் திறந்திருக்கும்.

வாய்மொழியிலும் பழைய அனுமதிக் கடிதத்திலும் ஓடிக்கொண்டிருப்பதை முறைப்படுத்துங்கள். குறைந்தது மூன்று வருடத்துக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். பெயரளவு வாடகை நிர்ணயித்தால் கட்டுகிறோம், மின் கட்டணத்தை இப்போதும் நாங்கள்தான் கட்டுகிறோம். அந்த இடம் கட்டாயம் வேண்டும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினால், தினசரி மார்க்கெட் மாடியில் பூட்டிக் கிடக்கும் கடைகளை எங்களுக்குக் காட்டாதீர்கள், சைக்கிளை மாடி ஏற்ற முடியாது. தரைத்தளத்தில், பேருந்து நிலையத்தில் இருந்து நடந்து வரும் தூரத்தில் மாற்று இடம் கொடுத்து, நாங்கள் மாறிய பிறகு இடியுங்கள்.

ஸ்டாண்டு சைக்கிள்களைப் பொறுத்தவரை, ஏல அறிவிப்பை இப்போதே நிறுத்துங்கள். உரியவருக்கான அறிவிப்புக் காலம் முடிந்ததும் உங்கள் அலுவலர் ஒருவரும் எங்கள் ஆள் ஒருவரும் சேர்ந்து பார்த்துப் பிரிப்போம். சரிசெய்யக் கூடியதைப் பட்டியல் போட்டு எங்களிடம் கொடுங்கள். மற்றதை நீங்கள் ஏலம் விட்டு நகராட்சிக் கணக்கில் சேருங்கள், அதில் எங்களுக்கு எதுவும் வேண்டாம். யாருக்கு எந்தச் சைக்கிள் போனது என்ற கணக்கை மாதம் ஒருமுறை அலுவலகத்தில் கொடுக்கிறோம்.

நகராட்சி எல்லைக்குள் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இந்த வருடம் சைக்கிள் கொடுக்கும் முன்னால், எங்கள் பிள்ளைகள் வந்து ஒவ்வொரு சைக்கிளின் நட்டையும் பிரேக்கையும் சரிபார்க்க அனுமதி வாங்கித் தாருங்கள். தலைமையாசிரியர்களிடம் நான் பேசிவிட்டேன். அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, மேலிடத்துக் கடிதம்தான் கேட்கிறார்கள். மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகர்மன்றத்தில் இருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் போனால் போதும். சைக்கிள் கையில் கிடைக்கிற அன்றே பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் அந்த மாணவ மாணவியருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்து அனுப்புவோம். அதற்குச் செலவு நகராட்சிக்கு ஒன்றும் இல்லை.

இந்த மடலின் பிரதியை எல்லா வார்டு உறுப்பினர்களுக்கும் நேரில் கொடுத்திருக்கிறோம். கெடு முடிவதற்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். அதுவரை ஷெட்டில் உள்ள எந்தச் சாமானையும் அப்புறப்படுத்த ஆட்களை அனுப்ப வேண்டாம் என்று ஆணையர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் பட்டறைப் பொறுப்பாளர்களில் ஒருத்தி